மலை ஓட்டக் காலணி ஒன்று, மண்டபம் மணலில் ஒன்பது மாதம்

என் அண்ணன் மகளுக்குப் பத்தொன்பது வயது. மண்டபத்திற்கும் உச்சிப்புளிக்கும் இடையே, பனையைவிட உயர்ந்த பொருள் எதுவும் கண்ணில் படாத ஊரில் பிறந்து வளர்ந்தவள், எப்படியோ மலை ஓட்டக்காரியாகி, வெளிநாட்டில் பல நாட்டு அணிகள் கலந்துகொண்ட இருபது வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்றிலும் ஓடித் திரும்பியிருக்கிறாள். உடற்கல்வி ஆசிரியராக இருபது ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், அவளுடைய பயிற்சிக் குறிப்பேடும் காலணிச் செலவும் என் பொறுப்பில் இருக்கின்றன. சென்ற ஆண்டு இணையத்தில் அவளுக்காக வாங்கிய மலைப்பாதை ஓட்டக் காலணியை அவள் ஒன்பது மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஓர் இணையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நிறுவனத்திற்குச் சான்றிதழோ குற்றப்பத்திரிகையோ எழுதுவது முறையாகாது. அதோடு, நான் சொல்லப்போகும் குணங்களும் குறைகளும் இந்த வகைக் காலணிகள் பலவற்றுக்கும் பொதுவானவை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். விலை 12,499 ரூபாய். அடித்தட்டு ரப்பரில் 5 மில்லிமீட்டர் ஆழத்திற்குப் பற்கள் இருந்தன. குதிகால் பகுதி விரல் பகுதியைவிட 6 மில்லிமீட்டர் உயரம். பாதத்தின் முன்பாதிக்குக் கீழே, நுரைத் தட்டுக்கும் ரப்பருக்கும் நடுவில், கூரான கல் குத்தாமல் இருப்பதற்காக மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று வைத்திருக்கிறார்கள். மேற்பகுதி வலைத்துணி, விரல்நுனியில் ரப்பர் மூடி. வீட்டு மளிகைத் தராசில் ஒரு காலணி 246 கிராம் காட்டியது. பெட்டியில் எழுதியிருந்த எடைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதை அந்த நிறுவனத்தின் நேர்மைக் கணக்கில் வரவு வைக்கலாம்.

இத்தகைய காலணி எதற்காகப் பிறந்தது என்பதை அறியாமல் அதை மதிப்பிட முடியாது. மலை ஓட்டத்திற்கு 1985 முதல் உலக அளவிலான போட்டி நடந்துவருகிறது. மலை ஓட்டமும் நெடுந்தொலைவு மலைப்பாதை ஓட்டமும் ஒரே உலகச் சாம்பியன் போட்டியாக இணைந்தது 2022 நவம்பரில், தாய்லாந்தின் சியாங் மாய் நகரில். அடுத்த போட்டி 2023இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கிலும், அதற்கடுத்தது 2025 செப்டம்பரில் ஸ்பெயினின் பிரனீஸ் மலையிலுள்ள கான்ஃபிராங்கிலும் நடந்தன. மேல்நோக்கி மட்டும் ஓடும் பிரிவில், இன்ஸ்புரூக்கில் ஏறத்தாழ 7 கிலோமீட்டருக்குள் 1,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தது. ஏறி இறங்கும் பிரிவில் இருபது வயதுக்குட்பட்டோருக்கெனத் தனி ஓட்டமும் உண்டு. எங்கள் பெண்ணுக்கு உரியது அதுதான். ஏற்றத்தில் மூச்சு வெல்லும். இறக்கத்தில் கால் வெல்ல வேண்டும். அந்தக் காலுக்குக் கீழே இருப்பது இந்தக் காலணி. சாலை ஓட்டக் காலணியின் அடித்தட்டு 40 மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டக்கூடாது என்று உலகத் தடகள அமைப்பு விதி வகுத்திருக்கிறது. மலைக்கு அந்த வரம்பு இல்லை. ஆகவே விற்பனையாளர்கள் கனத்தைப் புகழ்ந்து விற்கிறார்கள். கணுக்கால் புரளும் கற்பாதையில் கனத்த அடித்தட்டு உதவியா, உபத்திரவமா என்பதை அவர்கள் சொல்வதில்லை. நாங்கள் வாங்கியது ஒப்பளவில் தாழ்வானது. அந்தத் தேர்வுக்காக இன்றுவரை வருந்தவில்லை.

கான்ஃபிராங்க் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அங்கே 1928இல் திறக்கப்பட்ட மிகப் பெரிய பன்னாட்டு ரயில் நிலையம் ஒன்று உண்டு. 1970இல் எல்லைக்கு அப்பால் பிரெஞ்சுப் பக்கத்தில் நடந்த ரயில் விபத்திற்குப் பிறகு நாடு கடந்த ரயில் ஓட்டம் நின்றுபோனது. 1964 டிசம்பர் புயல் கொண்டுபோன தனுஷ்கோடி நிலையத்தின் மிச்சச் சுவர்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓடிப் பழகியவளுக்கு, அந்த ஊரின் படங்கள் அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லையாம்.

இனி மணலுக்கு வருகிறேன். வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை நோக்கிப் புறப்படுவாள். ஏறத்தாழ 9 கிலோமீட்டர்த் தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள் என்றாலும், அவளுக்கு வேண்டியது சாலையை விட்டு விலகிய மணல்தான். ஒரு பக்கம் பாக் நீரிணையின் பெண்கடல் குளம்போலக் கிடக்கும். மறுபக்கம் மன்னார் வளைகுடாவின் ஆண்கடல் கரையை அறைந்துகொண்டிருக்கும். மலையில்லாத ஊரில் கெண்டைக்காலுக்கும் தொடைக்கும் சுமை ஏற்ற வேண்டுமானால் மணலைவிட மலிவான வழி இல்லை. கெட்டித் தரையில் ஓடுவதைவிட மென்மணலில் ஓடுவதற்கு ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று ஆய்வில் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அளக்காமலே இதை அறிந்தவர்கள் எங்கள் ஊரில் கரைவலை இழுப்பவர்கள்.

ஆனால் அந்த மணலில் இந்தக் காலணி பயனற்றது. இதில் எனக்கு ஐயமே இல்லை. 5 மில்லிமீட்டர்ப் பல் கடித்துக்கொள்ள உலர்மணலில் எதுவும் இல்லை. மாறாக, வலைத்துணியின் கண்கள் வழியாக நுண்மணல் உள்ளே இறங்கி, உள்ளட்டைக்குக் கீழே படிந்து, அரை மணி நேரத்தில் விரல்களுக்கு அடியில் சிறு மேடு கட்டிவிடுகிறது. முதல் மாதத்தில் இரண்டு கால்களிலும் கொப்புளம். எங்கள் தெருத் தையற்காரரிடம் பழைய குடைத்துணியைக் கொடுத்து, கணுக்காலிலிருந்து காலணியின் விளிம்புவரை மூடும் உறை ஒன்று தைத்து வாங்கினோம். மேலிருந்து விழும் மணலை அது தடுத்தது. துணிக்கண் வழியே வடிகட்டி நுழையும் மணலைத் தடுக்க எதனாலும் முடியவில்லை. இப்போது ஈரம் இறுகிய அலைவிளிம்பில் வெறுங்காலோடு ஓடுகிறாள். காலணி தோளில் தொங்குகிறது. மணலுக்கென்று இதை வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளலாம்.

மணலை விட்டு உள்ளே வந்தால் கதை மாறுகிறது. எங்கள் மாவட்டத்தில் மேடு இல்லை, முள்ளுக்குக் குறைவில்லை. கண்மாய்க் கரை, தரிசு, ரயில் பாதையோரம் என்று எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம். அதன் காய்ந்த முள் சாதாரண ஓட்டக் காலணியின் நுரையை வெண்ணெய்போலத் துளைத்துப் பாதம்வரை வந்துவிடும். முந்தைய ஆண்டு ஒரு முள் உள்ளே முறிந்து சீழ் வைத்து, அவள் பதினெட்டு நாள் ஓடாமல் உட்கார்ந்திருந்தாள். போட்டிக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்குப் பதினெட்டு நாள் என்பது சிறிய இழப்பன்று. ஐரோப்பாவின் சரளைக் கல்லுக்காக வைத்த பிளாஸ்டிக் தகடு, ராமநாதபுரத்துக் கருவேல முள்ளுக்கு எதிராக இவ்வளவு திறமையாகப் பணியாற்றும் என்று அதை வடிவமைத்தவர்கள் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஒன்பது மாதத்தில் முன்பாதத்தில் ஒரு முள்கூட ஏறவில்லை. ஞாயிறுதோறும் நான் குறடு வைத்துக்கொண்டு அடித்தட்டிலிருந்து முறிந்த முனைகளைப் பிடுங்குவேன். ஒரு முறை பதினொன்று எண்ணினேன்.

குறை எங்கே என்றால், தகடு முன்பாதியோடு நின்றுவிடுகிறது. குதிகாலுக்குக் கீழே வெறும் நுரையும் ரப்பரும்தான். மலையேறுபவர் முன்பாதத்தில் ஊன்றுவார் என்ற கணக்கில் எடையைக் குறைத்திருக்கிறார்கள். கருவேலம் அந்தக் கணக்கைப் படிக்கவில்லை. நான்காம் மாதத்தில் வலது குதிகாலில் முள் ஏறியது. நல்லவேளையாக முறியாமல் முழுசாக வந்துவிட்டது. முள்காட்டுக்காக வாங்குபவர்கள் தகடு குதிகால்வரை நீள்கிறதா என்று விற்பனையாளரிடம் கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலான விளம்பரங்களில் 'தகடு உண்டு' என்று மட்டும் இருக்கும்; எதுவரை உண்டு என்பது இருக்காது.

முள்ளைத் தவிர இரண்டு உள்ளூர் எதிரிகளையும் குறிப்பிட வேண்டும். ஒன்று பனங்கருக்கு. விழுந்து கிடக்கும் மட்டையின் ரம்பப் பல் வலைத்துணியில் பட்டால் கிழிசல் நிச்சயம். இடது காலணியின் பக்கவாட்டில் இரண்டு அங்குலத்திற்குக் கீறியது அப்படித்தான். மற்றொன்று மணல்மேடுகளில் வளரும் இராவணன் மீசைப் புல். அதன் ஊசி முனை காலணியை ஒன்றும் செய்யாது. காலணிக்கு மேலே உள்ள கணுக்காலைத்தான் செய்யும். குடைத்துணி உறை இங்கே தன் கூலியைச் சம்பாதித்துக் கொண்டது.

உப்புநீரைப் பற்றித் தனியே எழுத வேண்டும், ஏனெனில் இந்தக் காலணியின் உண்மையான தோல்வி அங்கேதான் நிகழ்ந்தது. கடல்நீரில் முழுவதும் நனைந்தவுடன் ஒரு காலணி 338 கிராம் காட்டியது. பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு 289. அதாவது, நீர் வடியும் வசதி நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. மலையோடையைக் கடந்து செல்பவர்க்கு இது போதும். ஆனால் ஓடைநீர் காய்ந்தால் ஒன்றும் மிஞ்சாது, கடல்நீர் காய்ந்தால் உப்பு மிஞ்சும். நன்னீரில் உடனே அலசிவிட வேண்டும் என்பதை நாங்கள் அறிவோம். கோடையில் குடிநீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில், நாள்தோறும் ஒரு வாளியைக் காலணிக்கு ஒதுக்க எங்கள் அண்ணிக்கு மனம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாடா கம்பிபோல விறைத்தது. வலைத்துணி மடியும் இடத்தில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. ஐந்தாம் மாதத்தில், கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு பிற்பகலில் தகரக் கூரைமேல் காயவைத்த காலணியை எடுத்தபோது, விரல்நுனி ரப்பர் மூடி ஒருபுறம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. பசை வெப்பத்தில் இளகியிருக்க வேண்டும். கூரையில் வைத்தது எங்கள் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு மாத உத்தரவாதம் இருந்ததால் படங்களோடு நிறுவனத்திற்கு எழுதினேன். பதினொரு நாள் கழித்து, உப்புத் தடம் படத்தில் தெரிவதால் உத்தரவாதம் பொருந்தாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சட்டப்படி அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். என்றாலும், முழங்கால் அளவு நீரில் ஒருவர் பாய்ந்தோடும் படத்தை விளம்பரத்தின் முதற்பக்கத்தில் போட்டவர்கள், எந்த நீர் என்பதையும் அதே எழுத்தளவில் அச்சிட்டிருக்கலாம். இதற்காக ஒரு புள்ளியைக் குறைக்கிறேன். பதில் வந்த நாள் கணக்கிற்காக அரைப் புள்ளி.

பழுது நீக்கியவர் ராமநாதபுரத்தில் மரத்தடியில் கடை விரித்திருக்கும் பெரியவர் ஒருவர். காலணியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொல்யூஷன் போட்டா ஒரு மாசம் நிக்கும், தைச்சா ஆயுசுக்கும் நிக்கும். எது வேணும் சார்?" என்று கேட்டார். தைக்கச் சொன்னோம். தடித்த நைலான் நூலால் மூடியைச் சுற்றிலும் தைத்து, கருக்குக் கிழித்த இடத்திற்கும் ஒட்டுப் போட்டு, 120 ரூபாய் வாங்கினார். அந்தத் தையல் இன்றுவரை பிரியவில்லை. எடையில் 4 கிராம் கூடியது. பெரியவருக்கு முழுப் புள்ளி.

இவ்வளவும் சொன்ன பிறகும் இந்தக் காலணியை நான் நல்ல காலணி என்றே சொல்வேன். காரணம் கும்பக்கரை.

மலை ஓட்டக்காரியின் காலணியை மலையில்தான் சோதிக்க முடியும். எங்களுக்கு அருகில் உள்ள ஏற்றங்கள் இரண்டுதான். ஒன்று, 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் நடுமேடு. மற்றொன்று ராமேஸ்வரத்துக் கந்தமாதன பர்வதம், பெயரில் மட்டும் பர்வதம். நகரத்து உடற்பயிற்சிக் கூடமொன்றில் ஓடுபட்டையின் சாய்வை 15 விழுக்காட்டிற்கு உயர்த்தி ஓடினால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 150 மீட்டர் ஏறிய கணக்கு வரும். ஏற்றத்திற்கு அது போதும். இறக்கத்திற்கு அந்த இயந்திரத்தில் வழியில்லை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழகாத தசை அதனால் நுண்ணளவில் சிதைந்து, ஓரிரு நாளில் படியிறங்க முடியாத வலியைத் தரும். ஒரு முறை அந்த வலியைப் பட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை அவ்வளவு நோகாமல் செய்யும். ஆகவே மாதம் ஒரு முறையாவது மலைக்குப் போயே தீர வேண்டும். இரவுப் பேருந்தில் மதுரை, அங்கிருந்து பெரியகுளம், பிறகு கும்பக்கரை. வனத்துறை அனுமதியோடு வெள்ளகவி வழியாக வட்டக்கானல்வரை ஏறி, அதே வழியில் இறங்குவது எங்கள் வழக்கமாயிற்று. ஓட்டம் அவளுடையது, நான் கீழே அருவிப் பக்கம் தேநீரோடு காத்திருப்பவன்.

அந்த இறக்கத்தில்தான் 5 மில்லிமீட்டர்ப் பற்கள் தாம் எதற்குப் படைக்கப்பட்டோம் என்பதைக் காட்டின. சருகு மூடிய செம்மண்ணில், முன்பு சாலைக் காலணியோடு இறங்கியபோது நான்கு முறை வழுக்கி விழுந்தவள், இதை அணிந்து முதன்முறை இறங்கியபோது ஒரு முறைகூட விழவில்லை. நனைந்த பாறையிலும் இந்த மென்ரப்பர் நன்றாகப் பற்றுகிறது. பாசி படிந்த பாறை வேறு சங்கதி. அங்கே எந்த ரப்பரும் தெய்வத்தை நம்பித்தான் நிற்கிறது. பாம்பன் கரையோரக் கற்களில் அதை நாங்கள் முன்பே கற்றிருந்தோம். வெள்ளகவியில் மட்டும் இந்தச் சோதனை எல்லாம் நின்றுவிடும். அந்த ஊருக்குள் யாரும் காலணி அணிவதில்லை. வருபவர்களும் ஊர் எல்லையில் கழற்றிவிட வேண்டும். பன்னிரண்டாயிரம் ரூபாய்க் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு, காலணியே போடாமல் அதே மலையில் ஏறி இறங்கும் பாட்டிகளுக்கு நடுவே நடப்பது கொஞ்சம் வெட்கமாக இருந்தது என்று அவள் திரும்பி வந்து சொன்னாள்.

அளவு பற்றி ஓர் எச்சரிக்கை. கடையில் நின்று பார்க்கும்போது சரியாகப் பொருந்தும் காலணி மலையிறக்கத்தில் பொருந்தாது. பாதம் முன்னே சரிந்து பெருவிரல் முனையில் இடிக்கும். நகம் கறுத்து, சில வாரத்தில் கழன்றுவிடும். முதல் பயணத்திலேயே அவளுக்கு இரண்டு நகங்கள் கறுத்தன. "அரை அளவு பெருசா வாங்கியிருக்கணும் சித்தப்பா" என்று அவள் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. அளவு சொன்னது நான்தான். கணுக்காலை ஒட்டிய கடைசித் துளையில் நாடாவைக் கண்ணிபோல விட்டு, எதிர்ப்பக்க நாடாவை அதற்குள் நுழைத்து இறுக்கினால் குதிகால் அசையாமல் நிற்கும். அதைச் செய்த பிறகு தொல்லை பாதியாகக் குறைந்தது. எங்கள் பக்கத்துக் கால்கள் முன்புறம் அகன்றவை. வெறுங்காலோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னும் அகலம். இந்தக் காலணியின் விரல்பகுதி குறுகல். அகன்ற வார்ப்பு கிடைக்குமானால் கூடுதல் விலை கொடுத்தாவது அதையே வாங்க வேண்டும்.

தேய்மானம் எதிர்பார்த்ததைவிட விரைவு. பாறையைப் பற்றும் மென்ரப்பரைத் தார்ச்சாலை அரத்தைப்போலத் தின்கிறது. வீட்டிலிருந்து கண்மாய்க் கரைக்கு 4 கிலோமீட்டர் சாலையிலேயே ஓடிப் போனதன் விளைவாக, 260 கிலோமீட்டரில் முன்பற்கள் 5 மில்லிமீட்டரிலிருந்து 3க்கு இறங்கின. அதைக் கண்ட பிறகு, சாலைப் பகுதிக்குச் சைக்கிளில் போய், அங்கே காலணி மாற்றிக்கொள்ளும்படி சொன்னேன். அதன் பிறகு அடுத்த 300 கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூட முழுதாகத் தேயவில்லை.

அடுத்த போட்டிக்கு இதே காலணியில் அரை அளவு பெரியதாக, அகன்ற வார்ப்பில், இரண்டாவது இணை வாங்கிவிட்டோம். அது கடலைப் பார்க்கப்போவதில்லை. கும்பக்கரைப் பைக்குள்ளேயே இருக்கும். பழைய இணையை, மகளுக்கும் தனக்கும் ஒரே அளவுக் கால் என்பதைக் கண்டுபிடித்த அண்ணன் எடுத்துக்கொண்டார். கரிமூட்டத்திற்குக் கருவேலம் வெட்டப் போகும்போது அதைத்தான் அணிகிறார். குதிகால் பகுதிக்கு மட்டும் பழைய சைக்கிள் டயரில் இரண்டு துண்டு வெட்டி, உள்ளட்டைக்குக் கீழே வைத்திருக்கிறார்.